கிளாஷா அண்ணி கட்டிவிட்ட நூல்

ரயில் பெட்டிகளை உடைத்துத் திருடின அந்தப் பயல்களை நான் இன்றைக்கும் வாய் நிறையத் திட்டுகிறேன். நாசமாய்ப் போகட்டும். போர்முனையில் கிடக்கிறவனுக்கு என்று பெண்கள் தங்கள் ரேஷனில் மிச்சம் பிடித்து அனுப்பிய ஒரு பிடிப் புகையிலையைக்கூட விட்டுவைக்காத கைகள் அவை. அவர்கள் மட்டும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், என் அண்ணி கிளாஷா இப்போதும் எதிரே உட்கார்ந்து, "ஏன்டி ஃபாயா, இதுக்குப் பேரு முட்டைக்கோஸ் சூப்பா? பாத்திரம் கழுவின தண்ணின்னு நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

காமா ஆற்றங்கரையில் இருந்த விமான எஞ்சின் ஆலையில்தான் எங்கள் இருவருக்கும் வேலை. நான் சோதனை மேடையில். எஞ்சினை இரும்புச் சட்டத்தில் பூட்டி, ஓட்டி, காது செவிடாகும்வரை அலறவிட்டு, எங்கே சுடுகிறது, எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கிற வேலை. கிளாஷாவுக்குப் பெட்டி கட்டுகிற கொட்டகையில். நான் சோதித்து அனுப்புகிற எஞ்சினுக்கு மேலெல்லாம் கெட்டி கிரீஸ் பூசி, துளைகளைப் பலகையால் மூடி, மெழுகுத் தாள் சுற்றி, மரப்பெட்டியில் இறக்கி ஆணி அடிப்பாள். பெட்டி ரயிலேறிப் போர்முனைக்குப் போகும்.

அவள் என் அண்ணன் நிகாந்தரின் மனைவி. அண்ணன் போர் தொடங்கின வருஷமே செத்துப்போனான். அவனோடு பதுங்குகுழியில் கிடந்த ஒரு நொண்டிக்காலன் பின்னால் எங்கள் குடியிருப்பைத் தேடி வந்து, கேட்கக் கூடாததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனான். "கடைசியா ஒரு இழுப்பு புகை கேட்டான்மா. எங்க யாருகிட்டயும் இல்ல." அந்த முட்டாளுக்கு அதைச் சொல்லாமல் இருக்கத் தெரியவில்லை. அன்றையிலிருந்து கிளாஷாவுக்குப் புகையிலைப் பைத்தியம் பிடித்தது. ஆலையில் எல்லாருக்கும் கொடுக்கிற புகையிலைப் பங்கை நாங்கள் ரொட்டிக்கு மாற்றிக்கொள்வோம். இவள் ரொட்டியைக் கொடுத்துப் புகையிலை வாங்குவாள். பழைய துணியில் சின்னச் சின்னப் பை தைத்து, சிவப்பு நூலில் ஒரு சேவல் போட்டு, அதற்குள் நிரப்புவாள்.

"அண்ணி, உன் சேவல் எந்தப் பக்கம் பாக்குது? ஒரு கண்ணு மேற்கே, ஒரு கண்ணு கிழக்கே."

"ஜெர்மன்காரன் எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் தெரியணும்ல? நீ உன் சூப்பைப் பாரு."

எஞ்சின் பெட்டிக்குள் பரிசு வைப்பது எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் செய்ததுதான். ஒருத்தி காலுறை வைப்பாள், ஒருத்தி கையுறை. மேலே இருப்பவர்களுக்கும் தெரியும். ஆலைச் சுவரில் ஒட்டுகிற பத்திரிகையில் அதைப் பாராட்டிக்கூட எழுதினார்கள். ஆனால் பாதிக்கு மேல் வழியிலேயே திருட்டுப் போயிற்று. பெட்டிக்குள் மேலாக வைத்தால் எடுத்துவிடுகிறார்கள் என்று, கிளாஷா எஞ்சினின் காற்றுத் துளையை மூடுகிற பலகைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நாளில் அந்தப் பலகையையும் பெயர்க்கக் கற்றுக்கொண்டார்கள். அதற்கு அப்புறம் அவள் என்ன செய்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு நேரமும் இல்லை. ரோத்யாவின் பம்ப் என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது.

ரோத்யா என்றால் ரோதியான் தியுனோவ், எங்கள் எஞ்சினியர். முப்பது வயது ஆகவில்லை. அதற்குள் முன்மண்டை வழுக்கை. எங்கள் எஞ்சின் தண்ணீர் கேட்காத எஞ்சின். பூவின் இதழ் மாதிரி சுற்றிலும் சிலிண்டர்கள், முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை. எதிர்க்காற்றே அதை ஆற்றும். தண்ணீரால் ஆறுகிற எஞ்சினில் ஒரு குண்டு துளை போட்டால் தண்ணீர் வடிந்து, எஞ்சின் இறுகி, விமானத்தோடு கீழே வரும். எங்களுடையது ஒரு சிலிண்டர் பிய்ந்துபோனாலும் முனகிக்கொண்டே வீடு வந்து சேரும். ஆனால் அதற்கும் நோய் உண்டு. கார்புரேட்டர் வழியாகப் போகிற பெட்ரோல் எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே அளவில் போய்ச் சேராது. பின் வரிசை வெந்து சாகும், முன் வரிசை குளிரில் இருமும். விமானம் தலைகீழாகப் புரண்டால் எஞ்சின் மூச்சுவிட மறந்துவிடும். ரோத்யா கார்புரேட்டரையே தூக்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் நேராகப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற ஒரு பம்ப் செய்தான்.

இரண்டு குளிர்காலம் அவன் என் மேடைக்குப் பக்கத்தில் பெஞ்சு மேலேயே படுத்தான். குழாய் வெடித்தது. சிலிண்டர் தலை பிளந்தது. ஒரு தடவை பம்பின் உருளை பிய்ந்து என் காதோரம் பறந்து சுவரில் குத்தி நின்றது.

"டேய் ரோத்யா, ஹிட்லரைக் கொல்றதுக்கு முன்னாடி என்னைக் கொன்னுடுவ போலிருக்கே!"

"அக்கா, இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாம்."

"இதே வார்த்தையைத்தான் போன மாசமும் சொன்ன."

"போன மாசம் பொய். இந்த மாசம் நிஜம்."

ஒருநாள் அது நிஜமாகவே ஓடியது. இரவும் பகலுமாக விடாமல் ஓடியும் பின் வரிசை வேகவில்லை, எதுவும் பிளக்கவில்லை. நிறுத்தினபோது எனக்குக் காதே கேட்கவில்லை, ரோத்யா அழுதுகொண்டிருந்தான். "மூக்கைத் துடைடா, எஞ்சின் மேல ஒழுகுது" என்றேன். நானும் அழுதேன், அது வேறு விஷயம். புதிய பம்ப் வைத்த முதல் எஞ்சின்களை ஒரு போர் விமானப் படைப் பிரிவுக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள். அங்கே நன்றாகப் பறந்தால்தான் ஆலை முழுவதும் அந்த எஞ்சினைச் செய்யும். கிளாஷாதான் அவற்றைப் பெட்டியில் இறக்கினாள்.

நாற்பத்து மூன்று, பிப்ரவரி. அந்தப் பிரிவில் இரண்டு விமானங்கள் மேலே எழும்பும்போதே எஞ்சின் அணைந்து விழுந்தன. இரண்டு பையன்களும் போய்விட்டார்கள். ஒருவன் பேர் இன்னொகென்தி, இன்னொருவன் ரினாத். அதற்கு முன் இரண்டு பேருமே அதே விமானத்தில் நான்கைந்து முறை நன்றாகப் பறந்திருந்தார்கள். ஒரு கோளாறும் இல்லாமல் ஓடின எஞ்சின், முழு வேகம் கொடுத்த நொடியில் தொண்டை அடைத்த மாதிரி நின்றுவிட்டது.

விசாரிக்க ஒரு கர்னல் வந்தார், பேர் போட்யாகின். அவரே விமானம் ஓட்டினவர். வயிற்றுப் புண்ணோ என்னவோ, பேச்சுக்குப் பேச்சு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து சோடா உப்பை வாயில் கொட்டிக்கொள்வார். முதல் விமானம் எரிந்துபோனதால் அதன் எஞ்சினில் ஒன்றும் தெரியவில்லை. அவர் ரோத்யாவைப் பார்த்துக் கேட்டார்:

"கார்புரேட்டர் இருந்தவரைக்கும் இப்படி விழுந்ததா?"

"இல்ல, தோழர் கர்னல்."

"பம்ப் யாரோடது?"

"என்னோடது."

அவ்வளவுதான். ஆலையில் இனிப் பம்ப் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார். ரோத்யாவின் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, காவலுக்கு ஓர் ஆளைப் போட்டு, அலுவலகத்தில் உட்காரவைத்தார்கள். பெல்ட்டைக் கழற்றச் சொன்னால் ஆள் கைதாகிவிட்டான், அடுத்தது சிறையோ துப்பாக்கியோ என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"இரண்டாவது எஞ்சின் நாளைக்கு வருது. பனியில விழுந்ததால எரியல. நீ பிரிச்சுப் பாரு" என்றார் என்னிடம். "ஒண்ணும் கிடைக்கலேன்னா, அவனுக்காக நான் ஒண்ணும் செய்ய முடியாது."

காலையில் வந்தது. நான் ஒருத்தியே பிரித்தேன். கூட நிற்க எவனுக்கும் தைரியம் இல்லை. பம்ப் பத்தரை மாற்றுத் தங்கம் மாதிரி இருந்தது, ஒரு கீறல் இல்லை. பின்பக்கம் வந்தேன். அங்கே காற்றை உறிஞ்சி அமுக்கி உள்ளே தள்ளுகிற விசிறி இருக்கும். அதன் மூடியைக் கழற்றினால், விசிறியின் வாயில் கரேலென்று ஏதோ சுற்றிக்கொண்டு கிடந்தது. ரப்பர் என்று நினைத்தேன். குறட்டால் பிய்த்து எடுத்து, ஒரு தட்டில் பெட்ரோல் ஊற்றி அலசினேன். கரி கரைந்தது. துணி. அதில் சிவப்பு நூல். நூலில் ஒரு கொண்டை, கொண்டைக்குக் கீழே மேற்கே பார்க்கிற ஒரு கண்.

அதைப் பஞ்சுக் கோட்டுக்குள் மார்போடு செருகிக்கொண்டு, "பல்லுச் சக்கரத்தைப் பாக்கணும், பூதக்கண்ணாடி எடுத்துட்டு வரேன்" என்று காவலாளியிடம் எதையோ உளறிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

கிளாஷாவுக்கு அன்று மாலை ஷிப்டு. அடுப்போரம் உட்கார்ந்து, உறைந்துபோன உருளைக்கிழங்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, பேயைப் பாத்த மாதிரி வர்ற? ரோத்யாவை விட்டுட்டாங்களா?"

நான் துணியை அவள் மடியில் வைத்தேன். முதலில் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க முடியாது.

"அட, என் சேவல்! ஏன்டி இப்படிக் கரிக்கட்டையா கெடக்கு? எங்க கெடச்சுது?"

"விழுந்த எஞ்சின்ல, அண்ணி. விசிறிக்குள்ள."

கத்தியைக் கீழே வைத்தாள். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தாள்.

"இல்லடி. அது எப்படி? நூல் கட்டித்தானே விட்டேன்."

"என்ன நூல்? எங்க கட்டின? ஒழுங்காச் சொல்லு!"

சொன்னாள். பலகைக்குப் பின்னால் திருடர்கள் கை வந்துவிட்டது என்று, இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறாள். காற்றுப் பாதையில் திறந்து மூடுகிற ஒரு தகட்டுக் கதவு உண்டு. அதற்கும் அப்பால், வளைவில். ஆனால் நூலின் ஒரு முனையைப் பையிலும் மறு முனையைப் பலகையின் உட்பக்கத்திலும் கட்டிவிட்டிருக்கிறாள். படைப் பிரிவில் மெக்கானிக் பலகையைக் கழற்றி இழுத்தால், மீன் வருகிற மாதிரி பை பின்னாலேயே வரும். திருடனுக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

"நெறைய தடவை போயிருக்குடி. கெடச்சுதுன்னு ரெண்டு பேர் சொல்லிக்கூட அனுப்பினாங்க."

"அது இலையுதிர்காலத்துல, அண்ணி! இது ஜனவரியில போனது! கிரீஸ் கல்லா உறைஞ்சு பையைப் பிடிச்சுக்கிட்டிருக்கும். பலகையை இழுத்ததும் நூல் பட்டுன்னு அறுந்திருக்கும். அவங்க கண்ணுக்கு உள்ள ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. நாலு தடவை பறந்து எஞ்சின் சூடேற ஏற, கிரீஸ் உருகி…"

நானே நிறுத்திக்கொண்டேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

"ரெட்டை நூலு" என்றாள். "ரெட்டை நூலாத்தானே போட்டேன்."

சேவலைக் கையில் எடுத்துக்கொண்டு, "பசங்க பேரு என்ன?" என்றாள்.

"எதுக்கு உனக்குப் பேரு?"

"சொல்லு."

சொன்னேன். இரண்டு பேரையும் அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அதற்குள் நான் யோசித்து முடித்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் மூளை வேகமாக வேலை செய்யும். அன்று எனக்கு உலகத்தில் இருக்கிற எல்லார் மேலும் கோபம்.

"இங்க பாரு. சேவலை அடுப்புல போடுறேன். மிச்சத் துணியைக் கொண்டுபோய், என் மேடையில துடைக்கிற துணி, நான்தான் உள்ளேயே மறந்துட்டேன்னு சொல்றேன். பம்ப் மேல தப்பில்லைன்னு ஆயிடும், ரோத்யா பொழைச்சுக்குவான். நான் இல்லாம சோதனை மேடை ஓடாது, என்னைத் திட்டிட்டு விட்டுடுவாங்க. நீ மட்டும் வாயை மூடிக்கிட்டு இரு."

"மத்த பெட்டிக்கு என்ன சொல்லுவ?"

"எந்த மத்த பெட்டி?"

"ரயிலடியில நிக்குதே, பனி நிக்கட்டும்னு. அதுல எல்லாத்துலயும் வெச்சிருக்கேன், ஃபாயா. அப்புறம் அதே பிரிவுக்கு முன்னாடியே போன ஒண்ணு இருக்கு. அதுவும்." அவள் எழுந்து கம்பளி பூட்ஸைத் தேட ஆரம்பித்தாள். "அங்க விமானமே பத்தல, நிறுத்தி வெக்க மாட்டாங்க. அதை ஓட்டுற பையன் இன்னிக்குப் பறப்பானோ, நாளைக்குப் பறப்பானோ."

நான் கதவை மறித்து நின்றேன். அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவள் மேல் கை வைத்தவள் இல்லை நான். "பைத்தியக்காரி! உன்னை என்ன பண்ணுவாங்க தெரியுமா? எதிரிக்குக் கூலி வாங்கினவள்னு சொல்லுவாங்க! பெட்டிகளை நான் பாத்துக்கறேன், எதையாவது சொல்லித் திறக்க வெக்கிறேன்…"

"முன்னாடி போனது எதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அதை எங்கயோ தூரத்துல இருக்கிறவங்ககிட்ட என்ன பொய் சொல்லித் திறக்க வெப்ப? தகட்டுக்கு அந்தப் பக்கம் கையை விடுன்னு சொன்னா, ஏன்னு கேக்க மாட்டாங்களா?"

நான் கதவை விட்டு விலகினேன். அவள் தலையில் துணியைக் கட்டினாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. வெளியூர் கிளம்புகிறவர்கள் வீட்டை விட்டு இறங்குவதற்கு முன் எல்லாரும் அப்படி ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுவோம். ஆலைக்குப் போகிறதற்கு யாரும் அப்படி உட்காருவதில்லை. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

போட்யாகின் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் அவளே சொன்னாள். நான் இடையில் புகுந்து கத்தினேன், திருடர்களைத் திட்டினேன், சுவர்ப் பத்திரிகையில் பாராட்டினதைச் சொன்னேன். "நீ வெளிய போறியா, இல்ல வாயை மூடறியா?" என்றார் அவர். மூடினேன். அவர் அந்தச் சேவலை வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள தள்ளுறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது கேட்டியா, அம்மா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவாங்களே."

அவர் சோடா உப்பைக் கொட்டிக்கொண்டு தொலைபேசியை எடுத்தார். முன்னால் போன எஞ்சின் எது என்று கேட்டார். கிளாஷா தயங்காமல் சொன்னாள். "எப்படி ஞாபகம் இருக்கு?" என்றதற்கு, "எந்தப் பையை எந்தப் பிள்ளைக்கு வெச்சேன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். எதிர்முனையில் அந்தப் படைப் பிரிவு கிடைக்கவில்லை. குண்டு விழுந்து கம்பி அறுந்திருக்கிறது என்றார்கள். ரேடியோவில் சொல்லச் சொல்லிவிட்டு, எங்களை ரயிலடிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே குளிர் கண்ணைக் குத்தியது. பெட்டிகளை உடைத்தோம். கிளாஷாவே பலகைகளைக் கழற்றினாள். முதல் பெட்டியில் பலகையை இழுத்ததுமே நூல் அறுந்தது. அடுத்ததிலும் அறுந்தது. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, தகட்டைத் தள்ளிக்கொண்டு முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். வெறும் கை அந்தக் குளிரில் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரியும். உரிந்தது. "நான் எடுக்கறேன், அண்ணி, விடு" என்றேன். "உனக்கு இடம் தெரியாது" என்றாள். பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கர்னலின் காலடியில் பனியில் வைத்தாள். நல்ல ரத்தச் சிவப்புச் சேவல்கள். அவள் கையிலிருந்து வழிந்ததும் அதே நிறம்தான்.

அங்கிருந்தே அவளைக் கூட்டிப்போனார்கள். நான் கர்னலின் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். "அவளா வந்து சொன்னா. அதை எழுதுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எழுதுங்க."

"எழுதறேன்" என்றார். "அதனால சுட மாட்டாங்க. அதுக்கு மேல என்கிட்ட கேக்காத."

வண்டியில் ஏறும்போது அவள் திரும்பினாள். உரிந்த கையைக் கோட்டுக்குள் மறைத்து வைத்திருந்தாள்.

"ஃபாயா! அந்தப் பையன் என்ன ஆனான்னு தெரிஞ்சா எப்படியாவது சொல்லி அனுப்பு. ரொட்டி கிட்டி ஒண்ணும் வேணாம். அது மட்டும் போதும்."

மூன்றாம் நாள் நான் மேடையில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ரோத்யா ஓடிவந்து எதையோ கத்தினான். விட்டிருந்தார்கள் அவனை, பெல்ட் மறுபடி இடுப்பில் இருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சினை அணைத்தேன்.

"பொழைச்சுட்டான், அக்கா! யெலிசேய்னு பேராம். ஓடுபாதையில நிக்குதாம் விமானம், எஞ்சின் சூடேறி ஓடிக்கிட்டிருக்கு, இவன் உள்ள உக்காந்து பெல்ட்டை மாட்டிட்டான். அப்பதான் ரேடியோக்காரன் கையைக் கையை ஆட்டிக்கிட்டே ஓடியிருக்கான். நிறுத்தி, மெக்கானிக் கையை விட்டா, பை! கொழகொழன்னு கழண்டு வர்ற நிலைமையில இருந்துச்சாம். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா…"

"பை எங்க?"

"புகையிலை நனையவே இல்லையாம். பிரிவு முழுக்க உக்காந்து ஊதித் தள்ளிட்டாங்களாம்."

நான் சிரித்தேன், அழுதேன், ரோத்யாவைக் கட்டிப்பிடித்தேன், அப்புறம் மேடையை அவனிடம் விட்டுவிட்டு அப்படியே எண்ணெய்க் கையோடு சிறைக்கு ஓடினேன். இதைக் கேட்டால் கிளாஷா எப்படிச் சிரிப்பாள்! 'ஊதித் தள்ளிட்டானுங்களா, திருட்டுப் பசங்க' என்பாள்.

சிறையின் பின்சுவரில் பொட்டலம் வாங்குகிற சின்ன ஜன்னல். வரிசையில் நிற்கிற பெண்கள் யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டால் உள்ளே இருக்கிற ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். திருப்பித் தந்தால் வேறு அர்த்தம். வழியில் ஒருத்தியிடம் கெஞ்சி வாங்கின இரண்டு வெங்காயத்தை நீட்டினேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் வாங்கிக்கொண்டாள்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லணும், மகராசி. 'அவன் உயிரோட இருக்கான்'. அவ்வளவுதான்."

"சேதி வாங்கறதில்ல."

"இது சேதி இல்லம்மா. அவ புள்ளை மாதிரி…"

"இவளுக்குப் புள்ளை இல்லைன்னு பதிஞ்சிருக்கு. அடுத்த ஆள்!"

நான் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் மரக்கதவை என் விரல்கள் மேலேயே சாத்தினாள். நான் சுவரைப் பார்த்துக் கத்தினேன், "கிளாஷா! பொழைச்சுட்டான்! யெலிசேய் பொழைச்சுட்டான்!" வரிசையில் நின்ற பெண்கள்தான் என் வாயைப் பொத்தி இழுத்துப் போனார்கள். அந்தச் சுவர் எத்தனை கனம் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் போனபோது வெங்காயத்தை வாங்கவில்லை. ஆளை வடக்கே மரம் வெட்டுகிற முகாமுக்கு ஏற்றிவிட்டார்கள் என்றார்கள். எட்டு வருஷம். நான் எழுதியதெல்லாம் போய்ச் சேர்ந்ததா, யாரும் கிழித்துப் போட்டார்களா, தெரியாது. பதில் ஒன்றுகூட வரவில்லை.

அந்தக் கோடையில் பம்ப் வைத்த எஞ்சின்கள் ஆயிரக்கணக்கில் போயின. பையன்கள் தலைகீழாகப் புரண்டு புரண்டு சண்டை போட்டார்கள், எஞ்சின் ஒரு தடவைகூட மூச்சை நிறுத்தவில்லை. ரோத்யாவுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அவன் அதைக் குத்திக்கொள்ளவே இல்லை என்று சொன்னால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். குத்திக்கொண்டான். ஏன் கூடாது? உழைத்தவன். அவன் கிளாஷாவுக்காக எத்தனை வாசலில் போய் நின்றான் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு வாசலும் திறக்கவில்லை.

போர் முடிந்த வருஷம் இலையுதிர்காலத்தில், எங்கள் குடியிருப்பின் கதவை ஒருத்தி தட்டினாள். பல் போன வாய், ஆண்பிள்ளைக் கோட்டு, வெட்டிவிட்ட தலைமுடி. பெயர் ஷூரா என்று பின்னால் சொன்னாள். முகாமிலிருந்து மன்னித்து விட்டவர்களில் ஒருத்தி. "ஃபாயான்னா நீங்கதானே?" என்றாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. வாசற்படியில் நின்றபடியே கேட்டாள்.

"அந்தப் பையன் பொழைச்சானா?"

"யாரு கேக்கச் சொன்னது?" என்றேன்.

"கிளாஷா கேட்டுட்டு வரச் சொன்னா. எங்க குடிசைக்குப் புதுசா யார் வந்தாலும், நீ காமா பக்கத்துக்காரியா, எஞ்சின் ஆலையில அந்தப் பையனைப் பத்தி ஏதாவது கேள்விப்பட்டியான்னுதான் முதல்ல கேப்பா. ஒருத்திக்கும் தெரியல. வெளிய போற ஒவ்வொருத்திகிட்டயும் உங்க பேரைச் சொல்லி, போய்க் கேளுன்னு சத்தியம் வாங்கிக்குவா. எனக்கு முன்னாடி போனவங்க யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல."

"வழியிலயே செத்துப் போயிருப்பாங்க" என்றாள். "பொழைச்சானா?"

"பொழைச்சான்" என்றேன். "அன்னிக்கே பொழைச்சுட்டான். நல்லா இருக்கான். புகையிலையையும் ஊதிட்டான்."

ஷூரா தலையை ஆட்டினாள், ஒரு பெரிய வேலை முடிந்த மாதிரி. அப்புறம்தான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிளாஷா போன வருஷம் மார்ச் மாதமே செத்துப்போய்விட்டாள் என்று அப்போதுதான் சொன்னாள். கடைசி நாள் காலையில்கூடப் பக்கத்துப் பலகையில் புதிதாகப் படுத்திருந்த பெண்ணை எழுப்பிக் கேட்டாளாம்.

"நான் இப்ப இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று ஷூரா என்னைக் கேட்டாள்.

எனக்கும் தெரியவில்லை. அவளை எழுப்பி உள்ளே கூட்டிவந்து, சூப்பைச் சுடவைத்துக் கொடுத்தேன்.